பதினோராம் விதியும் வெள்ளிக்கிழமைச் சந்தனமும்

"இரண்டு பறப்புகளுக்கு இடையே விமானத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யப்படலாம். அதன் விளைவு பதியப்பட்ட பின்னரே அடுத்த மாற்றம் செய்யப்பட வேண்டும்." பதுளையில் நான் வேலை செய்த அலுவலகத்தின் பறப்புக் கையேட்டில் இது பதினோராம் விதி. எழுதியவன் நான். மீறியவன் செபமாலை. பாராட்டு வாங்கியவனும் அவனே.

இதைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தீபாவளிக்கு முன்பு, இப்போது பறப்புப் பிரிவில் இருக்கும் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள்.

"சேர், வாசல்ல தொங்குற பழைய பிளேன தொடைக்க எறக்கினோம். எடது றெக்கையில மட்டும் வட்டமா ஒரு மஞ்சக் கறை. எத வச்சுத் தேச்சும் போகல. என்னா சேர் அது?"

"அது கறை இல்லம்மா. என்னோட பதவி உயர்வு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பது தொலைபேசியில் தெரியாதல்லவா? "அப்படியே எழுதித் தாங்க சேர், ஆபீஸ் மலர்ல போடுவோம்" என்றாள். எழுதுகிறேன். போடுவார்களா என்பது மலருக்கு ஆசிரியர் யார் என்பதைப் பொறுத்தது.

பிறந்தது ஹாலிஎல. படித்தது பதுளை. நில அளவை பயின்றது தியத்தலாவை. மழைக்காலத்துக்கு முன்பு மலைச்சரிவுகளை அளந்து, எங்கே வெடிப்பு விழுந்திருக்கிறது, அதன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று வரைபடம் போடுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், மலை நடக்கிறதா என்று பார்ப்பது. பல வருடங்கள் அதைக் காலால் நடந்தே பார்த்தோம். பிறகு எங்களுக்கு ஒரு விமானம் வந்தது.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் அகலத்தில் இறக்கை, வயிற்றில் ஒரு கமரா, மூக்கில் மின்மோட்டாரும் விசிறியும். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் தரையில் நின்று ஓட்ட வேண்டும். சரிவின் மேலே வயல் உழுவதுபோல் போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் படமெடுக்கும். என்னையும் என்னோடு வேலை செய்த செபமாலையையும் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் குறிப்பெடுத்தேன், அவன் பறக்கவிட்டான். பயிற்சி முடிவில் ஆசிரியர் என்னிடம் "சரி" என்றார். அவனிடம் "அழகு" என்றார். தேர்வுத் தாளில் அழகுக்குப் புள்ளி எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் பதினெட்டு விதிகளோடு கையேட்டை எழுதி முடித்தேன். அதே சமயம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இருவரில் ஒருவரைப் பிரதான பறப்பாளராக நியமிக்க வேண்டும். ஊவா மாகாணத்துக்கு ஒரே ஒரு பதவி. விமானம் அவர் பொறுப்பில் இருக்கும். மற்றவர் அவருக்கு உதவியாளர். அந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், வேறு எதையும் நான் அந்த அளவுக்கு விரும்பியதில்லை.

நியமிக்க வேண்டியவர் எங்கள் பிராந்தியத் தலைவர் திருமதி சிவயோகம். யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர். கோப்பு வாசிக்கும்போது ஒவ்வொரு வரியின் கீழும் அடிமட்டம் என்கிற அளவுகோலை வைத்து வாசிப்பார். பிழை கண்டால் வாயால் சொல்ல மாட்டார். அந்த வரியிலேயே அடிமட்டத்தை விட்டுக் கோப்பை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார். நடுவில் புடைத்தபடி ஒரு கோப்பு மேசைக்கு வந்தால் அந்த மேசைக்காரனுக்கு வியர்க்கும்.

என் கோப்புகள் எப்போதும் தட்டையாகவே வரும். அதற்காக அவரிடமிருந்து ஒரு சொல் கிடைத்ததில்லை. செபமாலையின் கோப்புகள் புடைத்துக்கொண்டு வரும், பின்னாலேயே அவரும் வருவார். "தம்பி, இஞ்ச பாரும், உந்தக் கணக்கு என்னெண்டு வந்தது?" என்று அவன் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவார். பிழை விடுகிறவனுக்கு நாற்காலி. சரியாகச் செய்கிறவனுக்குச் சுற்றறிக்கை.

அவன் தம்பி. நான் "மிஸ்டர் பரமசிவம்". வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி பூசி அலுவலகம் போனவன் நான். லுணுகலைப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை அவன், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன். ஒருநாள் அலுவலக நடைபாதையில் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டீரோ?"

நான் திரும்பி, "இன்னும் இல்லை மேடம்" என்றேன்.

என் தோளுக்குப் பின்னால் செபமாலை நின்றுகொண்டிருந்தான். "ஓ, மிஸ்டர் பரமசிவம்," என்றார் அவர், "நீங்களும் குடியுங்கோவன்." குடித்தேன். சீனி போதவில்லை.

இனிச் சந்தனம். மேடத்தின் மேசை இழுப்பறையில் உள்ளங்கையளவு சந்தனக்கல் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வந்ததும் தானே அரைத்து, அலுவலகத்தில் உழைக்கிற பொருட்களுக்கெல்லாம் பொட்டு வைப்பார். ஜீப்பின் நெற்றிக்கு ஒன்று, வரைபடம் அச்சிடும் இயந்திரத்துக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று. விமானம் சுவரில் தொங்கியது. அதன் வலது இறக்கை அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். அவர் கைக்கு எட்டியது இடது இறக்கைதான், அதுவும் நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே, காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில். சந்தனத்தின் மேல் குங்குமம். அடுத்த வெள்ளி பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. சரஸ்வதி பூசைக்கு இரண்டு அரிசியும் ஒட்டிக்கொண்டது.

கையேட்டின் மூன்றாம் விதிப்படி பறப்புக்கு முன்பு இறக்கையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைத்தோம், பொட்டை விட்டுவிட்டு. தூங்குகிறவரைச் சுற்றிப் பெருக்குவதுபோல் அதைச் சுற்றித் துடைத்தோம். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. மேலதிகாரி கையால் வைத்த பொட்டை அழிப்பது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றுகிற காரியம் அல்ல.

விமானம் சில மாதங்கள் ஒழுங்காகப் பறந்தது. பிறகு அதற்கு ஒரு குணம் வந்தது. இடப்பக்கம் சாய்க்கச் சொன்னால் சட்டென்று சாயும். வலப்பக்கம் சொன்னால் யோசிக்கும். வேகம் குறைந்தால் இன்னும் அதிகம் யோசிக்கும். அதனால் இடது திருப்பம் சிறியதாகவும் வலது திருப்பம் அகலமாகவும் போய், படங்களின் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. இடைவெளிக்குள் எந்த வெடிப்பு இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

குறையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மேடம் என்னிடம் கொடுத்தார். கையேட்டை எழுதியவன் அல்லவா! செய்த முறையைச் சொல்கிறேன். இப்போதுள்ளவர்கள் பறக்கவிடும் நாலு விசிறி ட்ரோனுக்கு இறக்கையே கிடையாது. அதனால் இதெல்லாம் அவர்களுக்குப் பயன்படாது. இருந்தாலும் முறை முறைதான்.

முதலில், இறக்கைகளின் பின்விளிம்பில் அசையும் மடல்கள். ஒன்று எழும்பி மற்றது தாழ்ந்தால்தான் விமானம் சாயும். ரிமோட் நடுவில் இருக்கும்போது இரண்டும் இறக்கையோடு மட்டமாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. அட்டையில் பாகை வரைந்து ஒட்டி, இரண்டும் ஒரே அளவு எழும்பித் தாழ்கின்றனவா என்று பார்த்தேன். தாழ்ந்தன. அடுத்து மடல்களை இழுக்கும் சிறு மோட்டார்கள். சேர்வோ என்போம். இடதில் இருந்ததை வலதிலும் வலதில் இருந்ததை இடதிலும் மாற்றிப் போட்டேன். குறை சேர்வோவோடு இடம் மாறவில்லை. எனவே அதுவல்ல. மூக்கிலும் வாலிலும் நூல் கட்டி விமானத்தைத் தொங்கவிட்டேன். எந்த இறக்கையும் கீழே போகவில்லை. எடை சமம். இறக்கைகளைக் கழற்றி மேடத்தின் மேசைக் கண்ணாடிமேல் படுக்கவைத்துப் பார்த்தேன். முறுக்கம் இல்லை. விசிறி சுழலும் விசையால் சாய்கிறதோ என்று ஒரு பறப்பில் மோட்டாரை நிறுத்தி மிதக்கவிட்டேன். அப்போதும் வலப்பக்கம் தயங்கியது. எனவே விசிறியின் விசையும் அல்ல.

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பறப்பு, ஒவ்வொரு பறப்புக்கும் பனிமூட்டம் இல்லாத ஒரு காலை. அப்புத்தளைப் பக்கத்தில் அப்படிக் காலை கிடைப்பது எவ்வளவு அரிது என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இடையில் செபமாலை இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னாண்ணே, டாக்டர் நாடி புடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"முறைப்படி போகுது."

"போகட்டும்ணே. அதுவாச்சும் நேரா போகுதே!"

இப்படி இருக்கையில் மழை நெருங்கியது. அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலுள்ள சரிவில் வெடிப்பு விழுந்திருப்பதாகத் தகவல் வந்தது. மேடம் முடிவெடுத்தார். அந்தச் சரிவை நாங்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் படமெடுக்க வேண்டும். யார் எடுக்கும் படம் இடைவெளி இல்லாமல் வருகிறதோ, அவரே பிரதான பறப்பாளர். "விமானம் உள்ளபடி இருக்கட்டும்," என்றார். "நோயாளியை வைச்சுத்தான் வைத்தியனைத் தெரியும்."

தோட்டத்து விளையாட்டுத் திடலில் இறங்கினோம். சாரதி கருப்பையா ஜீப்பை நிறுத்தினார். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர்கள் கூடையோடு மேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கள் தலைக்கு மேலுள்ள சரிவைப் பற்றிய விஷயம், அவர்கள் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்?

முதலில் நான். கையேட்டின் எல்லாச் சரிபார்ப்பையும் முடித்துத்தான் ஏற்றினேன். இடது திருப்பம் நன்றாக வந்தது. வலது திருப்பத்தில் வழக்கம்போல் யோசித்தது. நான் இன்னும் சாய்த்தேன். அது தேயிலை மலையைத் தாண்டி யூக்கலிப்டஸ் தோப்பு வரை போய்ச் சாவகாசமாகத் திரும்பியது.

"சோத்துக்கைப் பக்கம் வர மாட்டேங்குதே" என்றார் மேட்டில் இருந்த ஒரு பெண்மணி.

"ஏ, ஒம் புருசன் மாதிரி" என்றது இன்னொரு குரல். "கூப்புட்டா ஊரச் சுத்திட்டுத்தான் வரும்."

"எம் புருசன் வந்தா தரையிலயாச்சும் விழுவான். இது மரத்துல விழுந்துருமோன்னு பயமா இருக்கு!"

மேட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. மடிக்கணினித் திரையில் என் படங்களின் வரிசைகளைப் பார்த்தார். இடைவெளிகள் இருந்தன. திரையில் அடிமட்டம் வைக்க முடியாது, ஆனால் அவர் விரல் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது செபமாலை. அவன் ரிமோட்டை எடுக்கவில்லை. விமானத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இடது இறக்கையையும் வலது இறக்கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழும்பினான்.

"மேடம், ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும் தம்பி."

"இந்தச் சந்தனத்தச் சொரண்டிறவா? காத்து இதுல முட்டித்தான் எடது றெக்கை மேல எழும்ப மாட்டேங்குது."

கருப்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்குள் ஓர் இன்பம் எழுந்தது. இனி இவன் தம்பி இல்லை என்று நினைத்தேன்.

மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "உதே? உது நான் வைச்சதெல்லோ." விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "சுரண்டும்," என்றார். "வெள்ளிக்கிழமை வைச்சது சனிக்கிழமையும் இருக்கோணுமெண்டு ஆர் சொன்னது? நீங்கள் துடைச்சிருப்பியள் எண்டெல்லோ நான் ஒவ்வொரு வெள்ளியும் வைச்சனான்!"

செபமாலை கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். ஐந்து ரூபாய் நாணயக் குத்தியின் கனத்தில், அரிசியோடு ஓர் ஓடு பெயர்ந்து விழுந்தது. எச்சில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தான். அதோடு நின்றிருந்தால் நான் இன்று ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டேன். அவன் நிற்கவில்லை. பழைய விசிறியைக் கழற்றிப் புதியதைப் போட்டான். பற்றரியை இரண்டு விரல் முன்னே தள்ளினான்.

"பதினோராம் விதி" என்றேன்.

"என்னாண்ணே?"

"ஒரு மாற்றம். ஒரு பறப்பு. நீ மூன்று மாற்றம் செய்திருக்கிறாய்."

அவன் மேலே பார்த்தான். மலைமேல் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "மழ வருதுண்ணே. ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டிருந்தா மல வந்து நம்மள எடுத்துட்டுப் போயிரும்."

மேட்டில் மறுபடி சிரிப்பு. அவன் விமானத்தை ஏற்றினான். அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தேன். வலப்பக்கம் சாய்த்தான். சாய்ந்தது. இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டு திருப்பமும் ஒரே அளவு. தறியில் ஓடும் நாடாபோல் அந்தச் சரிவின் மேல் போய் வந்தது. கொழும்பு ஆசிரியர் சொன்ன அழகு அதுதான். எனக்கும் தெரிந்தது. தெரிந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மேடம் திரையைப் பார்த்து, "தம்பி பிடிச்சிட்டான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவருக்கே உரிய மரியாதையோடு, "மிஸ்டர் பரமசிவம், கையேட்டில எழுதிவிடுங்கோ. இறக்கையில பொட்டு வைக்கப்படாது எண்டு" என்றார்.

எழுதினேன். அதுதான் பத்தொன்பதாம் விதி.

படங்களில் வெடிப்பு நாங்கள் நினைத்ததைவிட நீளமாகத் தெரிந்தது. மேல் லயத்துக் குடும்பங்களைப் பாடசாலைக்கு மாற்றினார்கள். அந்த மழையில் மண் இறங்கி லயத்தின் ஒரு மூலையைக் கொண்டுபோனது. உள்ளே ஆள் இல்லை. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருடாவருடம் செபமாலைக்கு மாலை போட்டு முதல் மரியாதை. வேதக்காரனுக்கு! அவன் ஓட்டிய விமானத்தின் சேர்வோ, மடல், எடை, முறுக்கம் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று உறுதிசெய்து வைத்திருந்தவனுக்கு ஒரு பிடி பொங்கல்கூட வரவில்லை.

அவன் பிரதான பறப்பாளர் ஆனான். நான் தலைமை அலுவலகத்துக்கு மேன்முறையீடு அனுப்பினேன். பொறாமையால் என்றார்கள். பொறாமைதான். ஆனால் பொறாமைக்காரன் சொல்வதால் ஒரு விதி பொய்யாகிவிடாது. புது விசிறி வேகத்தைக் கூட்டும். வேகம் கூடினால் தயக்கம் குறையும். பற்றரி முன்னே போனால் விமானத்தின் நடத்தையே மாறும். குறையை நீக்கியது நகமா, விசிறியா, பற்றரியா? யாருக்கும் தெரியாது. எனவே நான் கேட்டது இதுதான்: பழைய விசிறியைப் போட்டு, பற்றரியைப் பழைய இடத்தில் வைத்து, அதே இடத்தில் அதே கனத்தில் மறுபடி சந்தனம் பூசி, ஒவ்வொன்றாக நீக்கிப் பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

மேன்முறையீடு மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். மேடத்தின் மேசையில் வைத்தேன். அடிமட்டத்தை வைத்து வரிவரியாக வாசித்தார். தட்டையாகவே திருப்பித் தந்தார். கீழே "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று நான் நின்றேன். "வேற என்ன?" என்றார். வேறொன்றுமில்லை என்றேன்.

பதில் வரவில்லை. வருடத்துக்கொரு நினைவூட்டல் அனுப்பினேன். மேடம் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். செபமாலையோடு இன்னும் தொலைபேசியில் பேசுவாராம். என் எண்ணும் அவரிடம் இருக்கிறது. செபமாலை தலைமை அலுவலகத்துக்கு உயர்ந்தான். ட்ரோன்கள் வந்தன, விமானம் வாசலில் அலங்காரமாகத் தொங்கியது, நானும் ஓய்வு பெற்றேன். என் பிரியாவிடையில் செபமாலைதான் பேசினான். நன்றாகவே பேசினான், எல்லோரும் அழுதார்கள். என் பிரியாவிடையில்கூட.

இந்தக் கட்டுரையை முக்கால்வாசி எழுதி வைத்திருந்தபோது, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினோராம் விதிக்கிணங்க மறுபரிசோதனைக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. விமானம் தொங்கும் இடத்திலிருந்து இறக்கிப் பழுதுபார்க்கப்படும். மேன்முறையீட்டாளரே பறக்கவிட வேண்டும். கையொப்பம்: செபமாலை. அதன் கீழே பேனாவால் இரண்டு வரி: "அண்ணே, ஃபைல் இப்பத்தான் என் மேசைக்கு வந்துச்சு. மேடமும் வாறாங்களாம். சந்தனத்த மிஸ்டர் பரமசிவமே வைக்கட்டும்னு சொன்னாங்க."

அதிலும் மிஸ்டர்தான்.

ரிமோட்டுக்குப் பற்றரி வாங்கிவிட்டேன். அப்புத்தளையில் மேகம் இல்லாத காலைக்குக் காத்திருக்கிறேன். பொட்டின் கனம், இடம், அரிசி இரண்டு, எல்லாம் நினைவிருக்கிறது. சந்தனம்தான் காரணம் என்று தெரிந்தால் அவன் வென்றவன். இல்லையென்று தெரிந்தால் நான். எதுவானாலும் இம்முறை ஒரு மாற்றம், ஒரு பறப்பு. அந்தக் கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.